கொடி வாக்கு

கப்பல் தன் கொடியைப் பாதிவரை இறக்கி மறுபடி மேலே ஏற்றியதைப் பார்த்ததும் ஜோதிமேரி ஈர மணலில் முழங்காலிட்டாள். பக்கத்தில் நின்ற யாகப்பம்மாளும் கூடவே விழுந்தாள். இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. ஆனால் அது முந்தின நாள் அழுத அழுகை இல்லை. கரையில் கூடியிருந்த அத்தனை பேரும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "வாக்குக் குடுத்துட்டாக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான். இருந்தாலும் வாயால் சொல்லிக் கேட்பதில் ஒரு தெம்பு இருந்தது.

நாடு குடியரசாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குருசடிப்பாடு என்ற அந்த மீனவக் குடியிருப்பு, பாம்பனுக்குக் கிழக்கே தீவின் தென்கரையில், மணலும் பனையுமாகக் கிடந்தது. யாகப்பர் கோயில் ஒன்று, அதைச் சுற்றிக் குடிசைகள், கரையில் வள்ளங்கள். வேறு சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. திருவிழாக் கொடி இறங்கும்வரை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அந்த வருஷம் கொடி இறங்கிய மறுநாள், ஜோதிமேரியின் புருஷன் சிலுவைமுத்துவும் அவன் சித்தப்பா மகன் இன்னாசியும் முதல் ஆளாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானம் கச்சான் கிளம்பியது. தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று ஆடியில் கிளம்பினால் யார் பேச்சையும் கேட்காது. மற்ற வள்ளங்கள் அடித்துப் பிடித்துக் கரை சேர்ந்தன. அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. அன்று பொழுது சாய்ந்தும் வரவில்லை, மறுநாள் விடிந்தும் வரவில்லை. இன்னாசியின் பெண்டாட்டிதான் யாகப்பம்மாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாதவள்.

கொடிக்கும் வாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று உள்நாட்டுக்காரர்கள் கேட்கலாம். காற்றடிக்கிற கடலில் ஒரு வள்ளத்தில் கத்துவது அடுத்த வள்ளத்துக்குக் கேட்காது. அதனால் குருசடிப்பாட்டார் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வள்ளத்தின் பாய்மரத்திலும் ஒரு சின்னக் கொடி உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, யாகப்பர் கொடி. திருவிழாவில் மந்திரித்து வாங்கிக் கட்டுவார்கள். உதவி வேண்டும் என்றால் அந்தக் கொடியைப் பாதிவரை தாழ்த்தி ஏற்ற வேண்டும். பார்த்தவன் தன் கொடியையும் அதே மாதிரி தாழ்த்தி ஏற்றினால், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். வாக்குக் கொடுத்தவன் வலையை அறுத்து விட்டாவது வந்தாக வேண்டும். வர முடியாதவன் கொடியைத் தொடவே கூடாது. தாழ்த்திவிட்டு வராமல் போன ஒருத்தனை ஊரில் யாருக்கும் நினைவில்லை. அப்படி ஒருவன் இருக்க முடியும் என்று நினைத்துப் பார்த்தவர்கூட இல்லை. சாவு என்றால் மட்டும் கொடி பாதியிலேயே நிற்கும், மேலே ஏறாது.

இனி அந்தக் கப்பலின் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே அது வந்து பாம்பனுக்குத் தெற்கே நங்கூரம் போட்டிருந்தது. கடலின் ஆழம் அளக்க வந்த நம் கடற்படைக் கப்பல் என்றார்கள். சாம்பல் நிறம். அதன் பின்புறக் கம்பத்தில் பறந்த கொடியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. வெள்ளைத் துணி, அதன் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புச் சிலுவை. மேல் மூலையில் மட்டும் மூவர்ணம். மூலையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் அச்சு அசலாக யாகப்பர் கொடி.

வெள்ளைக்காரன் தன் கடற்படைக்கு வைத்திருந்த கொடி அது. அவன் போன பிறகு மூலையிலிருந்த அவனுடைய கொடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம்முடையதைத் தைத்தார்கள். சிலுவையை அப்படியே விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இது குருசடிப்பாட்டுக்கு எப்படித் தெரியும்? கோயிலில் மணியடித்து ஜெபம் நடத்துகிற கோயில்பிள்ளைக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் இல்லாததால் அவர் விளக்கம் சொன்னார். "கடல்ல போறவுகளுக்கு யாகப்பர்தான் காவல்னு டெல்லியில இருக்கவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் நம்ம கொடியையே வச்சுட்டாக." ஊர் அதை நம்பியது. ஜோதிமேரி மற்றவர்களைவிட ஒருபடி கூடவே நம்பினாள்.

அதனால்தான் இரண்டாம் நாள் விடிந்ததும் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவளுடைய அண்ணன் வியாகுலம் தன் வள்ளத்தில் தண்ணீர்க் குடமும் கயிறும் ஏற்றிக்கொண்டிருந்தான். கூட வர மூன்று பேர் தயாராக நின்றார்கள். கச்சான் அப்போதும் ஓயவில்லை. கரையை ஒட்டி நீருக்குள் கிடக்கும் பாறைத் திட்டான பாரைத் தாண்டினால் அலை ஆள் உயரம்.

"அண்ணே, கப்பலுக்குக் கொடி தாழ்த்திப் பாப்போமே" என்றாள் ஜோதிமேரி.

"சர்க்கார் கப்பல் ஆத்தா அது."

"சர்க்கார் கப்பல்னா என்ன, கொடி நம்ம கொடிதான. தாழ்த்தலேன்னா விட்டுருவோம். கேக்குறதுல என்ன கொறஞ்சு போகுது?"

அந்த நேரத்தில்தான் கப்பலும் நங்கூரம் எடுத்துக்கொண்டு கிழக்கே நகரத் தொடங்கியிருந்தது. கோயிலிலிருந்து பெரிய கொடியைக் கொண்டுவந்து வியாகுலத்தின் பாய்மரத்தில் கட்டினார்கள். பாருக்கு உள்ளேயே, அலை குறைந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்தி, கப்பல் நேராக வரும்போது வியாகுலம் கொடியைத் தாழ்த்தி ஏற்றினான். கப்பலின் பின்பக்கம் வெள்ளை உடுப்பில் ஒருவன் கம்பத்தடிக்கு ஓடியது தெரிந்தது. அந்த மூவர்ண மூலையும் சிவப்புச் சிலுவையும் பாதிவரை இறங்கின. ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு மேலே ஏறின. கப்பல் கிழக்கே, தனுஷ்கோடி தாண்டிக் கடல் நடுவே மணல் திட்டுகளாகத் தீடைகள் கிடக்கிற பக்கமாகப் போனது. கச்சானில் அகப்பட்ட வள்ளத்தைக் காற்று அந்தப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

கரைக்குத் திரும்பி வந்த வியாகுலம் வள்ளத்தைவிட்டு இறங்கவில்லை. "தண்ணிக் குடம் இன்னும் ஒண்ணு எடுத்துக் குடுங்க, நாங்களும் கெளம்புறோம்" என்றான்.

ஜோதிமேரி எழுந்து தண்ணீருக்குள் போனாள். "நீ எதுக்குண்ணே? அதான் அவுக போறாகள்ல."

"அவுக ஒரு பக்கம் தேடட்டும், நாங்க ஒரு பக்கம் தேடுறோம். தீடை ஓரமாக் கப்பல் போக முடியாது ஆத்தா. ஆழம் பத்தாது."

"ஆழம் அளக்கத்தான வந்திருக்காக. அவுகளுக்குத் தெரியாத ஆழமா ஒனக்குத் தெரியும்?"

அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அவர்களுடைய அய்யா இதே மாதிரி ஒரு கச்சானில் காணாமல் போனவர். அவரைத் தேடிப் போன சித்தப்பாவும் வரவில்லை. ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் உடல் கிடைக்காமலே பூசை வைத்தார்கள். அன்றைக்கு ஜோதிமேரி சின்னப் பிள்ளை. தேடப் போகிறவனும் வரமாட்டான் என்பது அவள் மனசில் அன்றிலிருந்து உட்கார்ந்துவிட்டது.

"எனக்குக் கடல்ல ஒருத்தரு கெடக்குறது போதும்" என்றாள். சொல்லிக்கொண்டே வள்ளத்தின் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்துத் தூக்கினாள். வள்ளத்தைத் திருப்புவதற்காக ஆண்கள் இரண்டு கையாலும் தூக்கி மாட்டுகிற பலகை அது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வியாகுலம் நினைத்திருந்தால் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. அவனுக்கும் நாலு பிள்ளைகள் இருந்தன, பாருக்கு அப்பால் அலை எழுந்து விழுவதை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வாக்குக் கொடுத்த இன்னொருவன் தலையில் பாரத்தை இறக்கி வைப்பது யாருக்குத்தான் கசக்கும்? கூட வர நின்ற மூன்று பேரும் மெதுவாக அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று முழுக்க ஜோதிமேரி நம்பிக்கையோடு வேலை செய்தாள். சுக்கானைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு வீடு கூட்டினாள். சிலுவைமுத்துவின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். கப்பல்காரர்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து விடும்போது அவர்களும் கரையில் இறங்குவார்கள் என்று தோன்றியது. வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது? யாகப்பம்மாளைக் கூட்டிக்கொண்டு பாம்பன் கடைவரை நடந்து காப்பித்தூள் வாங்கி வந்தாள். கோயில்பிள்ளை வீட்டில் பித்தளை டம்ளர்கள் இரவல் வாங்கிப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"எத்தனை பேரு வருவாகக்கா?" என்று யாகப்பம்மாள் கேட்டாள்.

"படகுல கொண்டுவந்து விடுறவுக ஒரு ஆறு பேரு இருப்பாக."

"டம்ளர் அஞ்சுதான இருக்கு."

"கடைசி ஆளுக்குக் கழுவிக் குடுப்போம்."

இப்படியெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளலாம். தீடையில் வெயிலில் கிடக்கிறவனுக்கு இங்கே டம்ளர் துலக்குவதால் ஒரு சொட்டுத் தண்ணீர் போய்ச் சேரப் போவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த இரண்டு பெண்களுக்கும் வேறு என்ன செய்யத் தெரியும்?

மறுநாள் பொழுது ஏறியது. கிழக்கே கடல் வெறுமையாகக் கிடந்தது. மத்தியானத்துக்குமேல் ஜோதிமேரிக்குச் சோறு இறங்கவில்லை. தேடிக்கொண்டிருப்பார்கள், தீடைகள் ஒன்றிரண்டா என்று தனக்குத்தானே சொன்னாள். அதையே யாகப்பம்மாளிடமும் சொன்னாள். வியாகுலம் இரண்டு தரம் வந்து வாசலில் நின்றான். உள்ளே சாத்தியிருந்த சுக்கானைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் போனான்.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் மீரா சாகிபு கருவாடு வாங்க வந்தார். பாம்பன்காரர். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போய் வருகிற பயணிகள் கப்பலில் கலாசி வேலை. லீவு கிடைத்தால் குருசடிப்பாட்டில்தான் கருவாடு வாங்குவார். ஜோதிமேரி வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். யாகப்பம்மாள் முழுக்கதையையும் சொல்லிவிட்டு, "கப்பல் தாழ்த்தி வாக்குக் குடுத்துருச்சு சாயபு, இன்னைக்கோ நாளைக்கோ கொண்டாந்துருவாக" என்று முடித்தாள்.

மீரா சாகிபு கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்தார். "எந்தக் கப்பலு, சாம்பலு நெறக் கப்பலா?"

"ஆமா."

"அது கொழும்புக்குல்ல போயிருச்சு."

ஜோதிமேரி வாசல்படியிலிருந்து எழுந்தாள். "என்ன சாயபு சொல்லுறீக? கொடி தாழ்த்துனாகளே. ஊரே பாத்துச்சே."

அவர் சொல்லாமல் போய்விடலாமா என்று யோசித்தவர் மாதிரி பாம்பன் பாதையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆத்தா, அது சலாம். ஒரு கப்பலு கொடியத் தாழ்த்துனா போர்க்கப்பல்காரனும் பதிலுக்குத் தாழ்த்தணும். அது அவுகளுக்குச் சட்டம். அன்னைக்கு எங்க கப்பலும் தனுஷ்கோடிக்கிட்ட அதுக்குத் தாழ்த்துச்சு, அதுவும் தாழ்த்துச்சு. அல்லா மேல ஆணையாச் சொல்லுறேன், நாங்க எதையும் தொலைக்கலையே. யாரும் யாரையும் தேடலையே."

"சலாமா?"

"சும்மா மரியாதைக்கு. வழியில பாத்தா நல்லாருக்கீகளான்னு கேட்டுட்டுப் போறதில்லையா, அந்த மாதிரிதான்."

யாகப்பம்மாள் ஜோதிமேரியின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் இருந்த பெண்கள் எல்லோருமே அவளைத்தான் பார்த்தார்கள். ஜோதிமேரி உள்ளே போனாள். சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் காலில் தட்டி உருண்டன. சுக்கானை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கொண்டுவரும்போது கனக்காத பலகை இப்போது தோள்பட்டையை அறுத்தது. இரண்டு இடத்தில் மணலில் விழுந்து எழுந்தாள். யாரோ வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்கள். அவள் கொடுக்கவில்லை.

"அண்ணே" என்று வியாகுலத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. "யாரும் தேடலண்ணே. யாருமே தேடல."

வியாகுலம் அவளைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவன் சுக்கானை வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடினான். அந்த மூன்று பேரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். வள்ளம் அலையில் இறங்கிப் பாரைத் தாண்டிப் பாய் விரித்ததும் காற்று அதைக் கிழக்கே கொண்டுபோனது. போவது சுலபமாக இருந்தது. தேடப் போவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததுதான் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

அன்று கரையைவிட்டு அவள் நகரவில்லை. ஜெபம் சொல்லத் தொடங்கினால் பாதியில் அந்தச் சாம்பல் கப்பலின் கொடி குறுக்கே வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட யாரோ ஒருவன் கம்பத்தடிக்கு ஓடி வந்தானே, அவன் முகத்தைக் கூட அவள் பார்க்கவில்லை. அவன்மேல் ஆத்திரம் வந்தது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் செய்தான். நாங்கள் என்ன கேட்டோம் என்று ஒருத்தர்கூட எட்டிப் பார்த்துக் கேட்கவில்லையே என்று கப்பலை வைதாள். கேட்டிருந்தால் யார் என்ன பாஷையில் பதில் சொல்லியிருப்பார்கள்? கோயில்பிள்ளையை வைதாள். கடைசியில் வைவதற்கு ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.

அன்று சாயங்காலமே கச்சான் தணிந்தது. மறுநாள் மத்தியானம் கிழக்கே ஒரு பாய் தெரிந்தது. வியாகுலத்தின் பாய்தான், நடுவில் பழைய ஒட்டுப் போட்டது. ஊர் திரண்டு கரைக்கு வந்தது. ஜோதிமேரி கையை நெற்றிக்குக் குடை பிடித்துக்கொண்டு பாய்மரத்தின் உச்சியைப் பார்த்தாள். உச்சியில் ஒன்றும் இல்லை. கண்ணைக் கீழே இறக்கினாள். கொடி பாதி மரத்தில் நின்றது. மேலே ஏறுமா என்று பார்த்தாள். ஏறவில்லை.

ஆள் கிடைத்துவிட்டது, சாவும் கிடைத்துவிட்டது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அந்தக் கொடிக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது. ஒருவரா, இருவரா, யார் என்று சொல்லத் தெரியாது. யாகப்பம்மாள் வந்து ஜோதிமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி கையை மற்றவள் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் ஜோதிமேரி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது இதுதான்: யாகப்பரே, ஒருத்தர்தான் என்றால் அது இன்னாசியாக இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேதான் வேண்டினாள். அவளும் அதையே மாற்றிப்போட்டு வேண்டிக்கொண்டிருப்பாள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வள்ளம் பாரைத் தாண்டி உள்ளே வந்தது. வியாகுலம் முன்னால் நின்றிருந்தான். கரையில் யாரையும் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். தன் பக்கம் அவன் பார்வை வராதபோதே ஜோதிமேரிக்குத் தெரிந்துவிட்டது. அவள் யாகப்பம்மாளின் கையை விட்டாள். "போத்தா, ஒன் ஆளு இருக்கான். போ" என்றாள்.

இன்னாசியை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடு வெடித்து, கண் இரண்டும் உள்ளே போய், தோள்பட்டையில் தோல் உரிந்திருந்தது. சிலுவைமுத்துவைப் பாயில் சுற்றி வைத்திருந்தார்கள். பாய்க்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. ஜோதிமேரி தண்ணீரில் நின்றபடி அந்தப் பாதத்தைத் தொட்டாள். உப்பு பூத்திருந்தது. அவள் அழவில்லை. அழுவதற்கு உரிமை வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

மணலில் கிடத்திய இன்னாசிக்கு யாகப்பம்மாள் சொட்டுச் சொட்டாகக் கஞ்சித் தண்ணீர் விட்டாள். கொஞ்சம் தெளிந்ததும் அவன் தேடியது ஜோதிமேரியைத்தான். "மதினி" என்று கூப்பிட்டான். அவள் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"வள்ளம் தீடையில மோதி அடிப்பலகை ஒடஞ்சுருச்சு மதினி. பாய்மரம் நின்னுச்சு. கொடியும் நின்னுச்சு. ரெண்டா நாளு அந்தச் சாம்பக் கப்பலு தூரத்துல போச்சு. அண்ணன் கொடியத் தாழ்த்துனாரு. அவுகளும் தாழ்த்துனாக." அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான். "பக்கத்துத் தீடையில தோண்டுனா நல்ல தண்ணி கெடைக்கும், நீந்திப் போயிருவோம்னு சொன்னேன். அண்ணன் விடல. வாக்குக் குடுத்தவுக வந்து பாக்குறப்ப ஆளக் காணலேன்னா அது பாவம்டா, இங்கனயே இருன்னாரு. குடத்துல இருந்த தண்ணிய எனக்கே குடுத்தாரு."

ஜோதிமேரி அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டாள்.

"மறுநாளும் கப்பலு வரல. அதுக்கும் அண்ணன் கலங்கல மதினி. கப்பலுக்காரனுக்கு என்ன தடங்கலோ, விடு. வியாகுலம் மச்சான் வந்துருவாரு, ஜோதி அவரக் கரையில இருக்க விடமாட்டா, இந்நேரம் தொரத்தி அனுப்பியிருப்பா, அப்படின்னாரு. அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு. நேத்து உச்சிப் பொழுது வரைக்கும் சொன்னாரு. அப்புறம் பேச்சு இல்ல. பொழுது சாயுறதுக்குள்ள மச்சான் வந்துட்டாரு." இன்னாசி கையை நீட்டி அவள் புறங்கையைத் தொட்டான். "அவரு சொன்ன மாதிரியே நீங்க அனுப்பிட்டீக மதினி. நானாவது பொழைச்சேன்."

பின்னால் நின்ற வியாகுலம் குனிந்து அவள் தோளில் கைவைத்தான். "வா ஆத்தா, எந்திரி. கோயிலுக்குக் கொண்டு போகணும்" என்றான். இன்னாசியைப் பேசவிடாமல் நிறுத்தத்தான் அப்படிச் சொன்னான். அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் அனுப்பல தம்பி" என்றாள்.

"சும்மா இரு ஆத்தா, இப்ப எதுக்கு அது" என்றான் வியாகுலம்.

"எங்க அண்ணன் அன்னைக்கே கெளம்புனாரு. நாந்தான் சுக்கானக் கழத்தி வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன்."

இன்னாசிக்குப் புரியவில்லை. வெயிலில் வெந்துபோன அந்தக் கண்களால் அவளையும் வியாகுலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன மதினி சொல்லுறீக? கப்பலுதான் வாக்குக் குடுத்துட்டு வராம..." என்று இழுத்தான்.

"கப்பல் வாக்குக் குடுக்கல. சலாம் வச்சுச்சு. எனக்கும் வச்சுச்சு, ஒங்க அண்ணனுக்கும் வச்சுச்சு."

கூட்டத்தில் சிலர் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். கோயில்பிள்ளை ஒதுங்கிப் போய் நின்றுகொண்டார். சிலுவைமுத்துவைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். வியாகுலத்தின் பாய்மரத்தில் சின்னக் கொடி பாதியிலேயே காற்றில்லாமல் தொங்கியது. ஜோதிமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னாசிக்கு மட்டும் அல்ல, கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தி, அந்தக் கப்பல் நங்கூரம் எடுத்த காலையிலிருந்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.